மணம் எழுதிய கடதாசி

வெலிமடைக்கு மேலே
2025.01.18

சுஜீவா,

சாக்கின் வாயை அவிழ்த்ததும் இந்தக் கடதாசியைத்தான் தேடியிருப்பாய். இந்த முறை மேலேயே வைத்திருக்கிறேன். போன முறை கோப்பிக் கொட்டைக்கு அடியில் போட்டுவிட்டேன் என்று நீ ஏசிய ஏச்சு இன்னும் என் காதில் கிடக்கிறது.

முதலில் மணம். நேற்றுக் காலை ஒரு கைபிடி எடுத்து எங்கள் தாச்சியில் கொட்டை வெடிக்கும்வரை வறுத்தேன். முதல் வெடி கேட்டு ஒரு நிமிசத்தில் இறக்கினேன். நிறம் கறுவாப்பட்டை. அரைக்கும்போது தேசிப்பூ. தண்ணீர் ஊற்றியதும் தேன். ஆற ஆற மாதுளம்பழத்தின் புளிப்பு, மிகவும் மெல்லியது, நாக்கின் ஓரத்தில் மட்டும். இதை அப்படியே உன் பைக்கற்றில் அச்சடித்துவிடு.

ஒரு நிமிசத்துக்கு மேல் விடாதே. கறுத்துப் போனால் எல்லாக் கோப்பியும் ஒன்றுதான். ஐயாயிரம் அடி உயரத்தில் விளைந்ததற்கும் வேலியோரத்தில் விளைந்ததற்கும் பிறகு வித்தியாசமே இல்லை. கெட்ட கோப்பி வைத்திருக்கிறவர்கள்தான் கறுக்க வறுப்பார்கள். நான் முழங்கால் தேயச் சரிவில் ஏறி இறங்கிப் பறித்ததை நீ கரியாக்கினால் பஸ் ஏறி வந்து அடிப்பேன்.

பிரான்சிஸ் கேட்கிறார், கோப்பி வறுக்கிறவளுக்கு ஏன் மணத்தை எழுதி அனுப்புகிறாய், அவளுக்கு மூக்கு இல்லையா என்று. கட்டின மனுசன் என்றாலும் உன் ரகசியத்தை நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு நான்தான் விடை எழுதிக் கொடுப்பேன், அந்தப் பழக்கம் என்றேன். பொய்யில்லைத்தானே.

மூக்கு எப்படி? ஏதாவது? கேட்கக் கூடாது என்று நினைப்பேன், கேட்காமல் முடிக்கவும் முடிவதில்லை.

மார்கிறட்


கல்லடி
2025.02.09

என் மார்கிறட்டுக்கு,

ஏதும் இல்லை. மல்லிகைப்பூவும் ஒன்று, மண்ணெண்ணெயும் ஒன்று. காய்ச்சலில் மணம் போய் மூன்றரை வருசமாகிறது. டொக்டர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார். பொறுக்கிறேன்.

வெடியைக் காதால் கேட்கிறேன், நிறத்தைக் கண்ணால் பிடிக்கிறேன். மிச்சத்துக்கு உன் கடதாசி. அதை வறுக்கும் மெசினுக்கு நேரே சுவரில் ஒட்டி, படித்துப் படித்து வறுக்கிறேன். போனில் சொன்னால் மறந்துபோகும், எழுதி அனுப்பு என்று உன்னிடம் கேட்டது நான் செய்த நல்ல காரியம். எழுத்தில் இருப்பது மாறாது.

பக்கத்து வீட்டு நல்லரத்தினம் அண்ணன் முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது வேகாத கோப்பி புள்ள. கறுப்பும் இல்ல, கொத்தமல்லியும் இல்ல" என்றார். நாலாம் நாள் வேலிக்கு மேலால் எட்டி, அந்த வேகாததில் இன்னும் ஒரு பைக்கற் கிடைக்குமா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்து சிரித்தேன்.

காத்தான்குடியில் கேக் கடை வைத்திருக்கிற ஸாதியாவைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா. ஒவ்வொரு முறையும் வறுத்ததை அவள்தான் முதலில் குடிப்பாள். ஒரேயொரு சொல் சொல்வாள், பிறகு கேக்கைப் பற்றிக் கதைப்பாள். இந்த முறை "தேன்" என்றாள். உன் கடதாசியை அவள் கண்டதே இல்லை. அவள் போன பிறகு நான் அழுதேன். இந்த உலகத்தில் ஒரு மூக்கு எனக்கு இருக்கிறது, அது வெலிமடைக்கு மேலே இருக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதே.

உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மூக்கில்லாதவளிடம் ஊரில் யார் கோப்பி வாங்குவார்கள்?

இன்னொன்று. பாலத்துக்குக் கிட்ட, வாவிப் பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. அடுத்த வருசம் தை மாதம் கடை திறப்பேன். அன்றைக்கு ஊற்றுவது உன் புது அறுவடைக் கோப்பி. வேறு எந்தத் தோட்டத்தின் கொட்டையும் அன்று என் மெசினுக்குள் போகாது. நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சுஜீவா


வெலிமடைக்கு மேலே
2025.12.29

சுஜீவா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதுகிறேன். போன மாதப் புயலில் எங்களுக்கு மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கி, வீட்டுக்கு முப்பது அடி தள்ளிப் போனது. உலர்த்தும் கொட்டிலின் கூரையும் வீட்டுக் கூரையில் பாதியும் போய்விட்டன. பாதை மூன்று கிழமை இல்லை. இப்போதுதான் பஸ் ஓடுகிறது. முதல் பஸ்ஸிலேயே உனக்கு இரண்டு சாக்கு அனுப்புகிறேன். கடை திறக்க வைத்த நாளை மாற்றாதே.

மணம். அரைக்கும்போது தோடம்பழத் தோல், உரித்த கையில் அரை நாள் நிற்குமே, அது. தண்ணீர் ஊற்றியதும் கித்துள் கருப்பட்டி. ஆற ஆற, நீயும் நானும் ஒன்பதாம் வகுப்பில் மேசைக்குள் ஒளித்து வைத்து மறந்துபோன கொய்யாப்பழம். திறந்த அன்று வகுப்பே மணந்து, இருவரும் வெளியே நின்றோமே. அந்த மணம் திரும்பவும் எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் தோட்டம் இதுவரை தந்ததில் இதுதான் திறம்.

இந்த முறை கொஞ்சம் கூடவே வறு. மழைக்குப் பிறகு கொட்டை இறுகியிருக்கிறது. கறுத்தாலும் பரவாயில்லை.

திறப்புக்கு என்னால் வர முடியாது. வீட்டு வேலை தலைக்கு மேலே. கோபிக்காதே.

மார்கிறட்


கல்லடி
2026.01.07

மார்கிறட்,

நீங்கள் எல்லோரும் தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி. புயல் நாளிலிருந்து மூன்று கிழமை நான் ஒவ்வொரு நாளும் பஸ் நிலையத்துக்குப் போய், மேலேயிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாக்குகள் பத்திரமாக வந்தன.

போன் எடுக்கிறாய் இல்லை. முப்பத்தோராம் திகதி பதினொரு தரம் அடித்தேன். அதற்குப் பிறகும் அடித்தேன். ஆகவே எழுதுகிறேன்.

நேற்று ஸாதியா வந்தாள். வழக்கம்போல் நீ முன்பு சொல்லித் தந்த ஒரு நிமிசக் கணக்கில்தான் வறுத்திருந்தேன். கூட வறுக்கச் சொன்னாய், கை வரவில்லை. அவள் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டு, குடிக்காமல் கீழே வைத்தாள். "இதென்ன புள்ள, நனைஞ்ச சாக்கு நாறுது. இத ஆரு குடிக்கிற?" என்றாள். பிறகு கேக்கைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

பத்து நாளில் கடை திறக்கிறேன். நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. பைக்கற்றில் தோடம்பழத் தோல் என்று அச்சடித்தும் வந்துவிட்டது.

உன்னை நான் ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு அனுப்பிய இந்த இரண்டு சாக்கிலும் நீ உன் மூக்கை வைத்துப் பார்த்தாயா? எப்படி மணந்தது என்று திரும்ப ஒரு முறை எழுது. நீ எழுதுவதை நான் நம்புவேன்.

சுஜீவா


வெலிமடைக்கு மேலே
2026.01.11

சுஜீவா,

உன் கடிதம் எனக்கு நெஞ்சில் குத்தியது. இங்கே சிக்னல் கோபுரமே சரிந்து கிடக்கிறது, நீ போன் எடுக்கவில்லை என்கிறாய்.

மணந்து பார்த்துத்தான் எழுதினேன். எழுதியது எழுதியதுதான். தோடம்பழத் தோல், கருப்பட்டி, கொய்யாப்பழம். ஒரு சொல்லும் நான் கற்பனை செய்யவில்லை. வேண்டுமானால் கோயிலில் வந்து சொல்கிறேன்.

சாக்கு வைத்திருக்கும் இடத்தைப் பார். உன் வீடு வாவிக்கு ஐம்பது அடி. மார்கழியில் அங்கே உப்பே கரைந்து ஓடும். கொட்டை ஈரத்தையும் இழுக்கும், மணத்தையும் இழுக்கும். பக்கத்தில் கருவாடு ஏதும் வைத்திருந்தாயோ, யாருக்குத் தெரியும்.

ஸாதியாவைப் பற்றி நான் கதைக்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். கருக வறுத்து மல்லி போட்ட கோப்பியில் வளர்ந்தவளுக்கு மெல்லிய வறுவலின் மணம் பச்சையாகத்தான் தெரியும். ஒரு நாள் தேன் என்றாள் என்பதற்காக அவள் மூக்கை வைத்து என்னை அளப்பாயா? வெலிமடைக்கு மேலே எனக்கொரு மூக்கு இருக்கிறது என்று எழுதியவள் நீதானே.

கூட வறு என்று சொன்னேன். கேட்கவில்லை. இப்போதாவது கேள். கறுக்க வறுத்தால் ஒரு சோலியும் இராது.

மார்கிறட்


கல்லடி
2026.01.19

மார்கிறட்,

சனிக்கிழமை கடை திறந்தேன். பாதர் வந்து மந்திரித்து ஆசீர்வதித்தார். நாற்பது பேருக்குச் சொன்னேன், ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். கோப்பிக் கடை திறந்து, எல்லோருக்கும் தேயிலை போட்டு வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

புயலால் கோப்பி வந்து சேரவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பாவம், மலைநாட்டுச் சனம் என்று உங்களுக்காக இரக்கப்பட்டார்கள். நல்லரத்தினம் அண்ணன் மட்டும் சுவரில் அடுக்கியிருந்த வெறும் பைக்கற்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்றும் கேளாமல் போனார். அன்றைக்கு எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

கறுக்க வறுக்கவில்லை. கெட்ட கோப்பி வைத்திருக்கிறவர்கள்தான் கறுக்க வறுப்பார்கள் என்று போன வருசம் உன் கையால் எழுதியது இன்னும் என் சுவரில் இருக்கிறது.

அதோடு விட்டிருப்பேன். மழை, புயல், வாவிக் காற்று என்று ஏதோ ஒன்றின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று ஸாதியாவின் தம்பி றிஸான் கொழும்பிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அவன் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கோப்பிக் கடை. அங்கே உங்கள் தோட்டத்தின் பெயரோடு ஒரு பைக்கற் விற்கிறதாம், அக்காவின் சிநேகிதி வாங்குகிற கோப்பியல்லவா என்று அனுப்பியிருக்கிறான். நல்ல மனதோடுதான் அனுப்பினான்.

ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். தோடம்பழத் தோல். கித்துள் கருப்பட்டி. பள்ளிக்கூட மேசைக்குள் வைத்த கொய்யாப்பழம்.

மற்ற இரண்டையும் யாரும் எழுதலாம். மூன்றாவதை எழுத உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், மார்கிறட். அந்த மேசை நம்முடையது. அதற்காக வெயிலில் நின்றது நாம் இரண்டு பேர்.

நல்ல சாக்கு எங்கே போனது? எனக்கு எது வந்தது? இதற்கு விடை எழுது. நீதானே எப்போதும் எனக்கு விடை எழுதிக் கொடுப்பவள்.

சுஜீவா


வெலிமடைக்கு மேலே
2026.01.27

சுஜீவா,

ஐந்து கடதாசி எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

எட்டுச் சாக்குக்கு வேண்டிய கொட்டை கொட்டிலில் இருந்தது. கூரை போன அன்று மூன்றை மட்டும் வீட்டுக்குள் இழுத்துக் கட்டிலுக்கு மேல் ஏற்றினோம். மற்றது நாலு நாள் தண்ணீரில் கிடந்து பூஞ்சணம் பிடித்தது. வெயில் வந்ததும் கழுவி, துணியால் துடைத்து, மறுபடி காயப்போட்டோம். கண்ணுக்கு நல்லதாகிவிட்டது. மணம் மட்டும் போகவில்லை.

அந்த மூன்று சாக்கில் இரண்டு உனக்கென்று வைத்ததுதான். சத்தியமாக. உன் கடதாசியை அதில் ஒரு கைபிடி வறுத்துக் குடித்துத்தான் எழுதினேன். எழுதி முடித்து மடித்து வைத்திருக்கிற நேரம் கொழும்பு ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். வந்தவர் ஒவ்வொரு சாக்காக வாயைத் திறந்து முகத்தை வைத்து மணந்து பார்த்தார். துடைத்த சாக்கை இரண்டே செக்கனில் தள்ளிவிட்டார். கட்டிலுக்கு மேல் இருந்த மூன்றையும் கேட்டார். அடுத்த மூன்று வருசத்துக்கும் தோட்டம் முழுவதையும் எடுப்பதாகச் சொன்னார். பிரான்சிஸ் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் பாதிக் கூரை இல்லை, சுஜீவா.

அவர் மணத்தைப் பற்றிக் கேட்டபோது உன் கடதாசியை வாசித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு அதே கடதாசியின் கீழே, கூட வறு, திறப்புக்கு வர முடியாது என்று சேர்த்து எழுதி, துடைத்த சாக்கில் வைத்தேன். மணத்தைப் பற்றி எழுதியது பொய்யில்லை. வேறு சாக்கைப் பற்றி எழுதினேன், அவ்வளவுதான் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். இதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் சொல்கிறேன்: மணந்து பார்க்கிறவனுக்கு நல்லதைக் கொடுத்தேன். கண்ணுக்கு நல்லதாக இருந்தால் உனக்குப் போதும் என்று நினைத்துவிட்டேன். கறுக்க வறுத்தால் குடிக்கிறவர்களுக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

நீ முப்பத்தோராம் திகதி அடித்தபோது போன் என் கையில்தான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டாய் என்று பயந்து எடுக்கவில்லை. பிறகு உனக்கு எப்படித் தெரியப்போகிறது, உனக்குத்தான் மணக்காதே என்று ஆறுதல் பட்டேன். ஸாதியா குறுக்கே வராவிட்டால் நீ சந்தோசமாகக் கடை திறந்திருப்பாய். அதையும் நினைத்துப் பார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. அடுத்த அறுவடையில் ஒரு சாக்கை யாருக்கும் தெரியாமல் உனக்கென்று எடுத்து வைப்பேன். மணம் எழுதி அனுப்புவேன். இனி ஒரு சொல்லும் மாறாது.

மார்கிறட்


கல்லடி
2026.02.05

மார்கிறட்,

சாக்கின் வாயை அவிழ்த்ததும் இந்தக் கடதாசி மேலேயே இருக்கும். இரண்டு சாக்கையும் உங்கள் பக்கம் வருகிற பதுளை பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு கைபிடி மட்டும் குறையும்.

உங்கள் கூரை போனதற்கு நான் அழுதேன். இப்போதும் அது பொய்யில்லை. கொழும்புக்குக் கொடுத்தேன், உனக்கு இந்த வருசம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால், கடை திறந்த அன்று இதே வெறுந்தேத்தண்ணியைச் சந்தோசமாக ஊற்றியிருப்பேன்.

ஸாதியா வராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பத்தோராம் திகதி காலை உன் சாக்கை அவிழ்த்தேன். மணந்தது. நாலு வருசமும் நாலு மாதமும் கழித்து முதன்முதலாக எனக்கு மணந்தது அதுதான். நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கவில்லை. சாக்குக்குள் முகத்தை வைத்து அழுதேன். நிலத்தில் இருந்தபடியே போனை எடுத்து உனக்கு அடித்தேன். வேறு யாருக்குச் சொல்ல? வேறு யாருக்கு அது தெரியும்? பதினொரு தரமும் நான் அடித்தது சந்தேகத்தில் இல்லை, மார்கிறட். மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல அடித்தேன்.

நீ எடுக்கவில்லை. சரியென்று உன் கடதாசியைப் பிரித்தேன். தோடம்பழத் தோல் என்று இருந்தது. திரும்ப மணந்தேன். நனைந்த சாக்கு. போன மணம் திரும்பும்போது கோணலாக வரலாம், நல்லது நாறலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். என் மூக்கு கோணலாகத்தான் திரும்பியிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஐந்து நாளும் ஊரெல்லாம் மணந்து திரிந்தேன். சவர்க்காரம் சவர்க்காரமாக மணந்தது. சந்தையில் மீன் மீனாக மணந்தது. வருசப் பிறப்புப் பூசையில் சாம்பிராணி, பாலத்துக்குக் கீழே வாவிச் சேறு, நல்லரத்தினம் அண்ணனின் சுருட்டு, எல்லாம் அதது அததாகவே மணந்தது. உன் சாக்கு ஒன்றுதான் உன் எழுத்தோடு ஒத்துவரவில்லை. அப்போதும் என் மூக்கில்தான் பிழை என்றேன். கிளினிக்குக்குப் போய், நல்ல கோப்பி எனக்கு நாறுகிறது என்று டொக்டருக்கு முன்னால் அழுதேன். அவர் கேட்டார், "அது நல்ல கோப்பி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று. என் சிநேகிதி எழுதியிருக்கிறாள் என்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் ஸாதியா வந்தாள். அவள் கோப்பையைக் கீழே வைத்த நேரம் எனக்கு மூக்குச் சரியாகிவிட்டது என்று தெரிந்தது. அதற்குச் சந்தோசப்படக்கூட முடியவில்லை. அதைத்தான் உன்னால் எனக்குத் திருப்பித் தர முடியாது. கொட்டையை விடு, யாரும் கொட்டை விளைவிப்பார்கள்.

ஏழாம் திகதி எழுதும்போது இதை வேண்டுமென்றே மறைத்தேன். உண்மையை நீயாகச் சொல்ல உனக்கு ஒரு இடம் விட்டுவைத்தேன். நீ ஸாதியாவின் மூக்கையும் என் வாவியையும் குற்றம் சொல்லி எழுதினாய்.

எனக்கென்று சாக்கு எடுத்து வைக்காதே. மணம் எழுதவும் வேண்டாம். உன் பழைய கடதாசி எல்லாவற்றையும் சுவரிலிருந்து எடுத்து மடித்து இதற்குக் கீழே வைத்திருக்கிறேன். அவற்றில் எழுதியிருந்தது எல்லாம் உண்மைதான் என்று இப்போது எனக்கு யார் சொல்வது?

கடைசியாக, இந்தச் சாக்கின் மணம். இன்று காலை ஒரு கைபிடி எடுத்து வறுத்தேன். முதல் வெடி கேட்டு ஒரு நிமிசத்தில் இறக்கினேன். நிறம் கறுவாப்பட்டை. அரைக்கும்போது நனைந்த சாக்கு. தண்ணீர் ஊற்றியதும் வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர். ஆற ஆற, பூட்டிக் கிடந்த அலுமாரிக்குள் பழைய சேலை.

கொய்யாப்பழம் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்தேன்.

சுஜீவா